அப்பா இல்லாத கல்யாண ஆல்பம்

என் கல்யாணம் கிள்ளானில் நடந்தது. கோவிட் முடக்கமெல்லாம் ஓய்ந்து, மண்டபத்தில் தேதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த சமயம். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து அதே ஊர் நீதிமன்றத்தில், ஒரு சின்ன அறைக்குள் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தால்தான் அது புரியும்.

படம் எடுக்க வந்தவர் காஜாங்கைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். கடை கிடை எதுவும் கிடையாது, தனி ஆளாகத் தொழில் செய்பவர். என் தோழி கல்யாணத்தில் அவர் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் பேசினோம். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் உட்கார்ந்தே நான் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரையும் அதட்டாமல், "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க ஆன்டி" என்று தணிவாகவே வேலை வாங்கினார். எங்களுக்குப் பரம திருப்தி.

ஆல்பம் தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார். எங்களுக்கும் அவசரமில்லை. அப்பாதான் சும்மா சும்மா போன் செய்வார். "ஆல்பம் வந்துருச்சாம்மா?" என்பார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேமராவைக் கண்டால் நழுவிவிடுகிற ஆள். அவரே இப்படிக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

ஆல்பம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். காலையில் அம்மாவுக்கு ரொட்டி சானாய் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

இறுதிச் சடங்குக்கு வைக்க ஒரு நல்ல படம் வீட்டில் இல்லை. அடையாள அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கி, மாலை போட்டு வைத்தோம். அதில் அப்பா யாரிடமோ திட்டு வாங்கியவர் மாதிரி இருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்காவது கல்யாணப் படத்தை வைக்கலாம் என்று போட்டோகிராபருக்குப் போன் அடித்தேன். அப்பா இறந்த விஷயத்தைச் சொன்னேன். "எப்போ சிஸ்டர்?" என்று கேட்டார். பிறகு, "எடிட்டிங்ல இருக்கு சிஸ்டர், பாக்குறேன்" என்றார்.

அடுத்த முறை கேட்டபோது ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்றார். அதற்கடுத்து போனையே எடுக்கவில்லை. நானும் கணவரும் ஏரிக்கரையில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் மட்டும் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்தன. மண்டபத்தில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. சொந்தக்காரர்களின் போன்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா வந்த இடத்தில் பாதித் தோள், அல்லது முதுகு.

கோபம் கண்ணை மறைத்தது. அவர் தொழில் பெயரைப் போட்டு, 'ஏமாற்றுக்காரர், யாரும் நம்பாதீர்கள்' என்று பேஸ்புக்கில் எழுதினேன். யார் யாரோ அதைப் பகிர்ந்தார்கள். இந்த மாதிரி புகாருக்கு நுகர்வோர் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாமலேயே போகலாம் என்று கணவர் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த மனிதரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தியே தீர வேண்டும் என்று இருந்தது. எனக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில். அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்து வழக்குப் போட்டேன்.

போட்டோகிராபருடைய வழக்கறிஞரிடமிருந்து பதில் வந்தது. தங்கள் கட்சிக்காரரை இனி நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்று முதலில். பின்னாலேயே, நான் பேஸ்புக்கில் எழுதியது அவதூறு என்று ஓர் எதிர்வழக்கு. படத்தைத் தொலைத்தவர் என்மேல் வழக்குப் போடுவதா?

"படம் தரலன்னு மட்டும் எழுதியிருந்தா பிரச்சன இல்லம்மா" என்றார் என் வழக்கறிஞர். "ஏமாத்துக்காரர்னு எழுதிட்டீங்க. ஏமாத்தணும்னே செஞ்சாருன்னு நாம காட்டணும். அது அவ்ளோ ஈஸி இல்ல."

வழக்கு ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே, மீடியேஷனுக்குப் போக இரு தரப்புக்கும் சம்மதமா என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். எனக்கு அதெல்லாம் என்னவென்றே தெரியாது. யாரோ நடுவில் உட்கார்ந்து பாதிப் பாதியாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"நீங்க சொல்றது ஆர்பிட்ரேஷன்மா. அதுலதான் நடுவர் தீர்ப்பு சொல்வாரு, ரெண்டு பேரும் கட்டுப்படணும். அதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கணும். மீடியேட்டர் தீர்ப்பே சொல்ல மாட்டாங்க. நீங்களும் அவரும் ஒத்துக்கிட்டாதான் முடிவு. ஒத்து வரலன்னா எழுந்து வந்துடலாம், கேஸ் பாட்டுக்கு நடக்கும்."

"எனக்கு அவர்கிட்ட பேச ஒண்ணும் இல்ல மிஸ்."

அவர் கோப்பை மூடி வைத்தார். "விசாரணைல நீங்க அவர்கிட்ட பேசவே முடியாதும்மா. நான்தான் கேப்பேன். அதுவும் கேஸுக்குச் சம்பந்தம் இருந்தாத்தான் கேக்க விடுவாங்க. அவர்கிட்ட நேரா கேக்கணும்னு உங்களுக்கு ஏதாச்சும் இருந்தா, அதுக்கு இதான் இடம்."

அரை மனதோடு சரி என்றேன்.

நீதிமன்ற அறை என்றால் உயரமான மேடை, கறுப்பு அங்கி என்றுதான் நினைத்திருந்தேன். அது சாதாரண அலுவலக அறை. ஒரு மேசை, சில நாற்காலிகள், மினரல் வாட்டர் பாட்டில்கள், ஒரு டிஷ்யூ பெட்டி. எங்கள் வழக்கை விசாரிக்காத வேறொரு நீதிபதிதான் மீடியேட்டர். மலாய்க்கார அம்மையார், பாஜு கூரோங் என்கிற நீண்ட மலாய் உடை அணிந்து ஒரு பள்ளி ஆசிரியை மாதிரி இருந்தார். எதிரில் போட்டோகிராபரும் அவருடைய வழக்கறிஞரும். கல்யாணத்தன்று பார்த்ததைவிட அவர் மெலிந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அம்மையார் மலாயில் பொறுமையாக விளக்கினார். இந்த அறையில் யார் என்ன பேசினாலும் அதை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. மன்னிப்புக் கேட்டாலும் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அவரே இந்த வழக்கில் தீர்ப்பெழுதப் போவதும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இன்று வீட்டுக்கு என்ன கொண்டுபோக ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார்.

என்னென்ன பேச வேண்டுமென்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நஷ்ட ஈடு, மன உளைச்சல் என்று வார்த்தைகளெல்லாம் தயாராக இருந்தன. வாயில் வந்தது வேறு. "காம்பார் பாப்பா சாயா" என்றேன், என் அப்பாவின் படம் என்று. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தியது யார் என்றுகூடக் கவனிக்கவில்லை.

அதன்பிறகு எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து அம்மையார் இங்கும் அங்குமாகப் பேசினார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். போட்டோகிராபர் என்னிடம் ஒன்று சொல்ல விரும்புகிறாராம். இங்கே பேசுவது வெளியே போகாதல்லவா என்று அம்மையாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாராம். நீங்கள் கேட்பீர்களா என்று அம்மையார் என்னிடம் கேட்டார். தலையாட்டினேன்.

மறுபடி எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தோம். போட்டோகிராபர் மலாயில்தான் ஆரம்பித்தார். டிஸ்க் கெட்டுப்போனதாகச் சொன்னது பொய். கல்யாணத்துக்கு மறுநாள் காப்பாரில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறார். களைப்பில், மண்டபத்துப் படங்கள் இருந்த மெமரி கார்டைக் காலி கார்டு என்று நினைத்து அழித்துவிட்டு, அதன்மேலேயே நாள் முழுக்கத் திருவிழாவை எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. மீட்டுத் தருவதாகச் சொன்ன கடைகளுக்கெல்லாம் அலைந்திருக்கிறார். ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.

பேசிக்கொண்டே வந்தவர் எப்போது தமிழுக்கு மாறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"உங்ககிட்ட உண்மைய சொல்லிடணும்னுதான் சிஸ்டர் இருந்தேன். நீங்க போன் பண்ணி அப்பா இறந்துட்டாருன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல. பொய் சொல்லிட்டேன். பிறகு லெட்டர் வந்துச்சு, கேஸ் வந்துச்சு. எதுவும் பேசாதீங்கன்னு எங்க லாயர் சொல்லிட்டாரு. அவர் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனா எனக்குத் தூக்கம் இல்ல."

அவருடைய வழக்கறிஞர் மலாயில் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அம்மையாருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கையை லேசாக உயர்த்தி அவரைத் தடுத்துவிட்டார். அந்த ஒரு செயலை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நான் கேட்டேன். அப்படிக் கேட்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "அண்ணே, எங்க அப்பாவ எடுத்தீங்களா அன்னைக்கு? எப்படி இருந்தாரு?"

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்தேன். தாலி கட்டி முடிஞ்சதும் தண்ணி குடிக்கலாம்னு மண்டபத்துக்குப் பின்னால போனேன். சாப்பாடு கொண்டுவந்த லோரி நின்னுச்சுல்ல, அதுக்கு அந்தாண்ட உங்க அப்பா தனியா நின்னு அழுதுகிட்டு இருந்தாரு. துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு. எனக்கு கை பழக்கம், கேமராவத் தூக்கிட்டேன். பாத்துட்டாரு. 'தம்பி, இத எடுக்காதீங்கலா. பிறகு பாப்பா பாத்தா அழும்'னாரு. பக்கத்துல பைப்பு இருந்துச்சு. மூஞ்சக் கழுவிட்டு, சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, சிரிச்சாரு. 'இப்ப எடுங்க'ன்னாரு. எடுத்தேன். மீசைல தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு எடுத்ததுல அதான் சிஸ்டர் நல்ல படம். அது போச்சேன்னுதான்..."



என் மனதில் ஒரு குறை இருந்தது. கணவரிடம்கூட அதைச் சொன்னதில்லை. கல்யாணத்தன்று அப்பா என் பக்கமே வரவில்லை. அட்சதை போட்ட கையோடு, பார்க்கிங்கைப் பார்க்கிறேன், சாப்பாட்டைப் பார்க்கிறேன் என்று போய்விட்டார். மகளுக்குக் கல்யாணம் நடக்கும்போது கார் நிறுத்துவதா முக்கியம் என்று எனக்குள் ஒரு வருத்தம். அப்பா இறந்த பிறகு அதை யாரிடம் கேட்பது? கேட்காத கேள்விக்குப் பதில் கிள்ளான் நீதிமன்றத்தில், நான் வழக்குப் போட்டவரின் வாயிலிருந்து வந்தது.

நான் அழுதேன். அவரும் அழுதார். வழக்கறிஞர்கள் இரண்டு பேரும் தங்கள் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பிறகு மற்றதெல்லாம் சீக்கிரமே முடிந்தது. கொடுத்த கட்டணத்தைத் திருப்பித் தருவதாக அவர் ஒத்துக்கொண்டார். பேஸ்புக்கில் எழுதியதை எடுத்துவிட்டு, பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது என்று எழுதுவதாக நான் ஒத்துக்கொண்டேன். அந்தப் பதிவால் அவருக்கு வந்திருந்த கல்யாண வேலைகள் பல கைவிட்டுப் போனதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இருவரும் சம்மதித்ததை எழுதி, நீதிமன்ற உத்தரவாகவே பதிவு செய்தார்கள். கிளம்பும்போது, கல்யாணத்துக்கு வந்தவர்களின் போன் நம்பர்களைத் தர முடியுமா என்று அவர் கேட்டார். யாருடைய வீடியோவிலாவது அப்பா இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கத்தான்.

உண்மையிலேயே தேடினார். அடுத்த சில வாரங்களுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒன்றில் அப்பாவின் கை பந்தி பரிமாறுபவருக்கு வழி காட்டுகிறது. இன்னொன்றில் பின்னந்தலை. சட்டம் போட்டு மாட்டும்படியாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் இப்போதும் அந்த அடையாள அட்டைப் படம்தான் தொங்குகிறது.

மீடியேஷன் முடிந்த அன்று சாயங்காலமே அம்மாவிடம் போய், லோரிக்குப் பின்னால் அப்பா அழுததைச் சொன்னேன். அம்மா இலேசாகச் சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து மறுபடியும்தான் அழுதாரு" என்றார். இத்தனை நாளாய் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கவே இல்லையே" என்றார்.

அந்த அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் இதை எழுதுவதற்கு முன் போட்டோகிராபருக்குப் போன் செய்து கேட்டேன். செராஸில் ஒரு காதணி விழாவில் வேலையாக இருந்தார். "பேரு போடாம எழுதுங்க சிஸ்டர், பரவால்ல" என்றார். இப்போதெல்லாம் ஒவ்வொரு கார்டையும் அன்றன்றே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருகிறாராம்.

வழக்கு நடந்திருந்தால் நான் ஜெயித்திருக்கலாம், தோற்றும் இருக்கலாம். எப்படியானாலும் டிஸ்க் கெட்டதா இல்லையா என்பதைத்தான் அவரிடம் கேட்டிருப்பார்கள். அப்பா என்ன சொன்னார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லா வழக்கும் பேசித் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யார்மேலாவது கோபம் பொங்கி வரும்போது, அந்த மனிதரிடம் நான் இன்னும் கேட்டுப் பார்க்காதது ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசிக்கிற பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்திருக்கிறது.