அத்தானின் கத்திப் பெட்டி

எங்கள் அத்தான் முத்துநாயகம் பீடி குடிக்கமாட்டார், வெற்றிலை போடமாட்டார், கறிக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். ஆனால் இடுப்பில் ஒரு மடக்குக் கத்தியும் சட்டைப்பையில் ஒரு சிகரெட் லைட்டரும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குழித்துறையில் கிடையாது. என் அக்கா சொர்ணம்மாளைக் கட்டியவர் என்பதால் அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அவருக்குத் தொழில் கருப்பட்டி வியாபாரம். சந்தையில் கடை. கத்திக்கு அங்கே வேலையே இல்லை. கருப்பட்டியை உடைக்க ஒரு கருங்கல் போதும். சிப்பம் கட்டிய நாரை அறுக்க வேண்டுமென்றால் பல்லால் கடித்து இழுப்பார்.

"இடுப்புல பிச்சாத்தி இருக்கில்லா அத்தான்?" என்று கேட்டால், "அதுக்க முனை போயிரும் மக்கா" என்பார். பல் போனால் பரவாயில்லை போலும்.

இந்தப் பைத்தியம் பிடித்தது நாற்பத்தேழில். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ராஜையன் எங்கள் தெருக்காரர். பர்மாச் சண்டையில் டின் உடைத்துத் தின்ற கத்தி ஒன்றை வைத்திருந்தார். அதை மடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அத்தான் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. ஒரு சிப்பம் கருப்பட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். பிறகு குளச்சலிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் சிலுவைதாசன் கப்பல்காரர்களிடமிருந்து வாங்கியவை வந்தன. கொழும்பில் வேலை பார்த்து ஊருக்கு வந்தவர்கள் கொண்டுவந்தவை சேர்ந்தன. அதில் ஒன்றில் இரண்டு அலகு, ஒரு கத்தரிக்கோல், ஒரு திருப்புளி, போதாக்குறைக்கு வளைந்த கொக்கி ஒன்று. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வெள்ளைக்காரன் வைத்தது அது என்று ராஜையன் சொன்னார். குழித்துறையில் குதிரைக்கு எங்கே போவது? அது பலாச்சக்கையில் சுளை எடுப்பதற்குத்தான் என்று அத்தான் அடித்துச் சொல்லிவிட்டார். சுளை எடுத்தும் பார்க்கவில்லை.

லைட்டர் கதை இன்னும் வேடிக்கை. நாகர்கோவில் பஸ் டிரைவர் ஒருவரைத் தாஜா பண்ணிக் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வைத்துக்கொள்வார். சந்தையில் யாராவது பீடியை உதட்டில் வைத்தால் போதும், கடையை விட்டு இறங்கி ஓடிப்போய்ப் பற்றவைப்பார். மனுஷனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். பையில் தீப்பெட்டி இருந்தாலும் எடுக்காமல், பீடியை வாயில் வைத்தபடி அவர் கடைப்பக்கம் நடந்து போகிறவர்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அய்யாவழித் தாங்கலுக்குப் போய்க் கும்பிட்டு வந்ததும், நெற்றியில் நாமம் காயும் முன்பே தகரப்பெட்டியைத் திறந்துவிடுவார். வெள்ளைத் துண்டு விரித்து, கத்திகளை வரிசையாக வைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பார். யாரும் தொடக்கூடாது.

"எனக்க சக்களத்தியக் குளிப்பாட்டியாச்சா? சோறு போடட்டா?" என்று அக்கா அடுக்களையிலிருந்து கேட்பாள்.

"இரு பிள்ளே, தலை துவட்டணும்" என்பார் அவர்.

இப்படி ஏழு வருஷம் ஓடிற்று. ஐம்பத்துநாலு ஆகஸ்டில் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் எங்கள் பக்கத்தில் கொழுந்துவிட்டு எரிந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்துப்போனார்கள். அத்தான் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போகிறவர் அல்ல. சேர வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் இருந்த ஆசை அவருக்கும் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் போலீஸ் வீடு வீடாக ஆயுதம் தேடுகிறது என்று சந்தை முழுக்கப் பேச்சு பரவியதும் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். நானும் என் தையல் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

பெட்டியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"கிணத்துல போட்டிருங்க" என்றாள் அக்கா.

"துரு பிடிச்சிரும்."

"நீங்க ஜெயில்ல கிடந்தா துரு பிடிக்காதா?"

"ஆயுதமாக்குமா இது? இதுல ஒண்ணையாவது நான் ஒரு வெண்டைக்காயில வச்சதுண்டா?"

"அத இன்ஸ்பெக்டருகிட்ட செல்லுங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க மனசு வரவில்லை. பெட்டி நிறையக் கத்தி வைத்திருக்கும் ஒருவனைப் பார்த்து, இவன் ஆசைக்காகச் சேர்த்தவன் என்று எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? கத்திகளும் போகும், அத்தானும் உள்ளே போவார்.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "ஒரு பெட்டியில இத்தனை கிடந்தாத்தான் குத்தம். ஒரு வீட்டுல ஒண்ணு கிடந்தா அது அடுக்களைச் சாமான்" என்றாள். சந்தைக்குச் சுமக்கும் ஓலைக் கடவப் பெட்டியை எடுத்துக் கத்திகளை அடியில் போட்டாள். மேலே மரச்சீனிக் கிழங்கை அடுக்கினாள். கூட வருகிறேன் என்றேன். ஆம்பிளைகளைத்தான் மறிக்கிறார்கள் என்று என்னைத் தடுத்துவிட்டு, கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் இறங்கினாள். தெருமுனையில் போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இரண்டு கிழங்கும் அதன் மறைவில் ஒரு கத்தியுமாகக் கொடுத்துக்கொண்டே போனாள். திரும்பி வந்து வெறும் கடவத்தை இறக்கியதும் அவள் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துத் தீர்த்ததை நான் பார்த்தேன். அத்தான் பார்க்கவில்லை. அவர் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே போலீஸ் வந்தது. ஏட்டு ஒருவர் உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார். தேங்காயெண்ணெய் வாசம்தான் வந்தது. இதில் என்ன இருந்தது என்று கேட்டார்.

"எனக்க சக்களத்தி இருந்தா ஐயா. அவளுக்க வீட்டுக்கு அனுப்பியாச்சு" என்றாள் அக்கா.

ஏட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார். வாசலில் இறங்கி ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். அத்தான் உயிர் போகிற பயத்திலும் ஓடிப்போய் லைட்டரைத் தட்டினார். பழக்கதோஷம், என்ன செய்வது!

கலவரம் கொஞ்சம் அடங்கியதும் கத்திகளைத் திரும்ப வாங்கிவர அத்தான் துடித்தார். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அக்கா இழுத்துப் பிடித்தாள். அந்தக் கொஞ்ச நாளில் கத்திகளெல்லாம் வேலைக்குப் போய்விட்டன. எங்கள் தெரு லீலாபாய் டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளின் பென்சிலையெல்லாம் சீவினார். எனக்குக் கிடைத்ததை வைத்து நான் நூல் வெட்டினேன், சீமைக்கத்தரி தோற்றது. ராஜையன் தனக்கு வந்த கத்தியைப் பார்த்துவிட்டு, தன் பழைய கத்தியைத் தராமல் வேறு எதையோ தந்துவிட்டாள் என்று ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு, அதிலேயே முகம் வழிக்கத் தொடங்கினார். அத்தான் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கும் தாய் மாதிரிதான்.

அடுத்த வீட்டுத் தங்கப்பன் வாழை போட்டிருந்தவர். அவர் கைக்குப் போனது அத்தானின் உயிரான, இங்கிலாந்தில் செய்த ஷெஃபீல்டுக் கத்தி. அவர் அதை வைத்துத் தேங்காய் தோண்டினார். முனை ஒடிந்தது.

"ஷெஃபீல்டாக்கும் ஓய் அது!" என்று அத்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அலறினார்.

"நானா ஓய் வந்து கேட்டேன்? உம்ம பெண்டாட்டியில்லா கொண்டுவந்து தந்தா? உம்ம தலையக் காப்பாத்தினதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

பேச்சு நின்றுபோனது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. இவர் வாளியைப் போட்டால் அவர் திரும்பி நிற்பார். அந்த வாரத்திலேயே அக்காவுக்கும் லீலாபாய் டீச்சருக்கும் ஆட்டுக்குட்டி கீரையை மேய்ந்ததில் வாய்த்தகராறு. எனக்கும் அத்தானுக்கும் ஒரு சட்டைக் கையின் நீளத்தில் மனஸ்தாபம். தெருவே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. கத்தியைக் கையில் கொடுத்ததால் வந்த வினை!

எங்கள் பக்கத்தில் கத்தியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொடுக்கமாட்டோம். தரையில் வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். நேரே கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை என்று நம்பிக்கை. போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசல் வாசலாகக் கத்தியைத் தரையில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? அக்கா கிழங்கோடு சேர்த்துக் கையில் திணித்துவிட்டாள். வாங்கியவர்களுக்கும் அந்தப் பதற்றத்தில் நினைவு வரவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிபவன் நான். ஆனாலும் என் கத்தியை அன்றே மேசையிலிருந்து தள்ளி வைத்தேன்.

அத்தானுக்கு அப்போது கத்திகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தங்கப்பனோடு இருபது வருஷமாகக் கிணற்றடியில் ஊர்க்கதை பேசியவர். அந்தப் பேச்சில்லாமல் சோறு இறங்கவில்லை. "பிச்சாத்தி போனா போட்டும் பிள்ளே, அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கதத்தான் பாக்க முடியல்ல" என்று அக்காவிடம் சொல்லிப் புலம்பினார்.

அக்கா மறுபடியும் வீடு வீடாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தன் வீட்டு முற்றத்துக்கு வந்து கத்தியைத் தரையில் வைத்துவிட வேண்டும், அத்தான் குனிந்து எடுத்துக்கொள்வார், அதோடு தோஷம் தீர்ந்தது என்றாள். அன்று முற்றத்தில் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். அத்தான் குனிந்து குனிந்து எடுத்தார். டீச்சர் பென்சில் கரி படாமல் நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். தங்கப்பன் வருவாரா என்று எல்லோரும் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் கடைசியில் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் ஷெஃபீல்டை வைத்தார்.

"கொல்லன்கிட்டக் குடுத்து முனை வச்சிருக்கு. பழசு மாதிரி வரல்ல" என்றார்.

அத்தான் எடுத்துக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். முனை கோணலாக இருந்தது தூரத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

"பழசவிட நல்லா இருக்கு ஓய்" என்றார் அத்தான். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கிணற்றடியில் பேசிய பேச்சில் வாளி தண்ணீரிலேயே கிடந்தது.

பெட்டி நிறைந்துவிட்டது, எல்லாம் பழையபடி ஆகும் என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலையில் லீலாபாய் டீச்சர் வாசலில் வந்து நிற்கிறார்.

"அண்ணாச்சி, எனக்க பிச்சாத்தியக் கொஞ்சம் எடுத்து வையுங்க. பென்சில் சீவணும்."

'எனக்க' என்றதைக் கேட்டு அத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அதே கத்தியைத் தேடி எடுத்துவந்து, குனிந்து தரையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ராஜையன் வந்தார், முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு. அப்புறம் தங்கப்பன். அப்புறம் நானும்தான். மாலையில் ஆளாளுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். போகிறவர்கள் சும்மா போவார்களா? ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, பேசிவிட்டுத்தான் போவார்கள். பெட்டி உள்ளறையிலிருந்து முன்னறைக்கு வந்தது. மூடி திறந்தே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போடுவதோடு சாணையும் பிடிக்கத் தொடங்கினார் அத்தான். டீச்சருடையதற்கு மெல்லிய கூர், தங்கப்பனுடையதற்கு முரட்டுக் கூர் என்று பார்த்துப் பார்த்துச் செய்வார். கூர் மழுங்கி வந்தால், "நல்லா வேலை வாங்கியிருக்கான்" என்று அவருக்குப் பெருமைகூட வந்துவிட்டது. அவரை அவ்வளவு நிறைவோடு அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஊரெல்லாம் வெடிச் சத்தம். அன்று அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கத்தி வாங்க வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகு, அக்கா மொட்டை அரிவாளை வைத்துக் கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்தினாள்.

"இஞ்ச பாருங்க. தெருவுல ஆளாளுக்கு எனக்க பிச்சாத்தி, எனக்க பிச்சாத்தின்னு செல்லுதாவ. எனக்கு எதுவாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை கத்தியையும் தலையில் சுமந்துகொண்டு போலீஸ் முன்னால் நடந்தவள் அவள். வீட்டுக்கு ஒன்று கொடுத்தவள், தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவும் இல்லை.

அத்தான் பெட்டியை அவள் முன்னால் தூக்கிவந்து வைத்தார். "எது வேணுமோ எடு பிள்ளே."

"எனக்கு என்ன தெரியும்? நீங்க எடுத்துத் தாங்க."

தெருக்காரர்கள் எடுத்துப் போனது போக மிச்சமிருந்தவற்றை அவர் கிளறினார். ஒன்றை எடுப்பார், பார்ப்பார், இது கனம் என்று வைப்பார். இன்னொன்றைத் திறப்பார், கை வழுக்கும் என்று மூடுவார். கிழங்கை மறந்துவிட்டு அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், போன மாதம்தான் கொழும்பிலிருந்து வந்த, வெள்ளை எலும்புப் பிடி போட்ட கத்தி ஒன்றை எடுத்தார். தெருவில் யாரும் இன்னும் பார்க்காதது. அலகை வேட்டியில் துடைத்து, தரையில் வைக்கக் குனிந்தார்.

அக்கா கையை நீட்டினாள்.

"கையிலயே தாங்க. நமக்குள்ள இனி புதுசா என்ன சண்டை வரப்போவுது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அத்தான் அவள் கையிலேயே கொடுத்தார்.

கிழங்கு வேகும் முன்பே, கத்தியை ஈரத்தோடு வைத்துவிட்டாய் என்று அத்தான் சண்டைக்கு வந்துவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே அதைத் தன் முந்தானையில் துடைத்தாள்.