அத்தை செத்த படம்

எங்கள் மலையில் எடுத்த அந்த ரத்தக்காட்டேரிப் படத்தை இப்போது செல்போனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தவர்கள் காறித் துப்பியிருக்கிறார்கள். தப்பில்லை. காட்டேரி கடிக்க வாயைத் திறந்தால் மேல்பல் ஆடுகிறது. ரத்தம் ரோஸ் நிறத்தில் வழிகிறது. நடுக்காட்டில் துரத்தும்போது புளியமரத்துக்குப் பின்னால் அவர்கள் வந்த ஜீப் நிற்கிறது. ஆனால் திட்டுகிறவர்கள்கூட ஒரே ஒரு காட்சியைப் புகழ்கிறார்கள். கடிபட்டுச் செத்த பெண்ணைச் சுற்றி ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைக்கும் காட்சி. அதில் நடிப்பே தெரியவில்லையாம்.

செத்துக் கிடப்பது என் அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பக்கத்து ஊர் மாப்பிள்ளை, அவளே ஆசைப்பட்ட ஆள். சினிமாவில் முகம் வரப்போகிறது என்று துள்ளிக்கொண்டு போய்ப் படுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"சும்மா அழற மாதிரி பண்ணுங்கம்மா, போதும்" என்றார் டைரக்டர்.

"சும்மா எப்டிங்க அழுவறது? எங்களுக்கு அழுவத்தான் தெரியும்" என்றாள் அம்மா.

தலைமாட்டில் விளக்கை ஏற்றி வைத்தார்கள். எங்கள் ஊரில் பேர் சொல்லாமல் யாரையும் அழுவதில்லை. அதனால் அம்மா அத்தையின் சொந்தப் பேரைச் சொல்லித்தான் தொடங்கினாள். பிறந்த வீட்டைச் சொல்லி, போகவிருந்த வீட்டைச் சொல்லி, கழுத்தில் ஏறாத தாலியைச் சொல்லி அழ அழ, மற்றவர்களுக்கும் அடக்க முடியவில்லை.

அம்மாவின் மடியில் இருந்த நான்தான் முதலில் பார்த்தேன். மூடியிருந்த அத்தையின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யம்மா, பொணம் அழுவுது!"

அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்தக் கண்ணீர் படத்திலும் இருக்கிறது. அதையும் ஒரு குறையாக எழுதிச் சிரித்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். பிறகு அங்கிருந்து ஆள் வந்தது. "பேர் சொல்லி அழுதுட்ட பொண்ண எப்டிங்க வூட்ல வெளக்கேத்தக் கூப்புடறது?" அப்பா கெஞ்சினார். அம்மா போய்க் காலில் விழுந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் அத்தையைப் பெண் கேட்டு எங்கள் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை.

இப்போது அந்தக் காட்சி வந்தால் நான் அத்தையின் முகத்தை மட்டும்தான் பார்க்கிறேன். அழுகைக்கு நடுவே தன் பேர் காதில் விழுந்ததுமே அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அசையாமல் கிட என்று சொல்லியிருந்ததால் கிடந்தாள். அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.