மோரிஸின் பின்கதவு

வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவுவது கெம்பம்மாவின் வேலை. கல்யாணமாகிப் பேரிகைக்கு வந்த மறுவாரமே வாளி அவள் கைக்கு வந்துவிட்டது. கருப்பு மோரிஸ் மைனர். சக்கரங்களின் மேல்மடிப்பில் கைவிட்டுச் சேற்றை வழிக்க வேண்டும். விளக்கு வளையங்களைச் சாம்பலால் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். தெரியாமல் தேய்த்த அன்று மாமனார் மல்லப்பன் ஃபேன் பெல்ட்டை எடுத்துக் கொடுக்க, புருஷன் ராமப்பன் அடித்தார்.

மல்லப்பன் டிரைவராக இருந்த காலத்தில் அந்தக் கார் எஞ்சினிலேயே ஓடித் தேய்ந்த பெல்ட் அது. முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ராமப்பன் சிறுவயதில் அதில் வாங்கியிருக்கிறார். பிற்பாடு மகன் முனிராஜும் வாங்கினான். ஜாக் சரிந்தால் அடி, ஸ்பேனர் தொலைந்தால் அடி, சீட்டில் எண்ணெய் பட்டால் இரண்டு கூடுதல். அடித்து முடித்ததும் துடைத்துத் திரும்ப ஆணியில் மாட்டுவார்கள். கெம்பம்மாவுக்கு அடியைவிட அப்படி மாட்டுவதுதான் ஆகாது. ஒருதரம் கழற்றி எருக்குழியில் போட்டாள். மறுநாள் கழுவிக் காயவைத்து மாட்டியிருந்தது. அவள் தோளும் வீங்கியிருந்தது.

நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பு முதலாளியிடம் மல்லப்பன் டிரைவராக இருந்தவர். ஒரு மத்தியானம் மரத்தடியில் இதே மோரிஸை நிறுத்தி, முதலாளி உட்காரும் பின்சீட்டில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். முதலாளி பார்த்துவிட்டார். பதறி இறங்கியவரின் வலது கை கதவுச் சட்டத்தில் இருக்கும்போதே கதவைச் சாத்தி, முதுகு கொடுத்து அழுத்தினார். மல்லப்பன் இடது கையால் பிடித்து இழுத்த இழுப்பில் கதவின் வெளிக் கைப்பிடி வளைந்தது. இரண்டு விரல் போயிற்று. கட்டுப் போட்ட கையோடு மறுவாரமும் அவரிடமே வண்டி ஓட்டினார்.

அந்தக் குடும்பம் நொடித்து, காருக்குள் கோழி அடைந்து கிடந்தபோது, பழைய இரும்பாக அதை வாங்கி வந்தவரும் மல்லப்பன்தான். எஞ்சினை அவர் ஓட வைத்தார். தரைத் தகடு, பெயின்ட் எல்லாம் ராமப்பன். வளைந்து, வெளியிலிருந்து திறக்க வராமல் போன கைப்பிடியை மட்டும் இருவரும் தொடவில்லை. ஆயுத பூசையன்று பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியபின், கெம்பம்மா முன்கதவு வழியாக ஏறி, எக்கி, பின்கதவை உள்ளிருந்து திறந்துவிடுவாள். மல்லப்பன் பின்சீட்டில் உட்கார்ந்து அந்த முதலாளியின் தெருவரைக்கும் போய்வருவார். ஒரு வருஷம் அந்தத் தெருவில் கல் வந்து விழுந்து அவர் காது கிழிந்தது. ரத்தத்தைத் துடைக்காமலே உட்கார்ந்து வந்தார்.

அவர் செத்தபின் அந்த இடத்தில் ராமப்பன் உட்கார்ந்தார். தன் அப்பனை ஒருத்தன் அப்படிச் செய்தான் என்று மகனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தாத்தாவின் விரல்களை எஞ்சின் ஃபேன் வெட்டிவிட்டது என்றே முனிராஜ் நம்பி வளர்ந்தான். சொல்லக் கூடாதென்று கெம்பம்மாவுக்கும் உத்தரவு.

முனிராஜ் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். 2006இல் அவனுக்கு யுவஸ்ரீ என்ற பெண்ணைப் பேசி, வரும் தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. கெம்பம்மா மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள அந்தப் பெல்ட்டக் கழட்டி எறிஞ்சுரு சாமி. அவ கண்ணுல அது படக்கூடாது.”

பூசை முடியட்டும், நானே எறிகிறேன் என்று சிரித்தான்.

ஆயுத பூசைக் காலையில் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்ப் பின்கதவைக் காட்டினான். பளபளவென்று புதுக் கைப்பிடி. கம்பெனியில் ஆள்பிடித்து வார்த்து, தானே கடைந்து, குரோம் பூசியது.

“இனிமே அம்மா உள்ள பூந்து தொறக்க வேணாம் நைனா. நீயே ராஜா கணக்கா தொறந்து ஏறு.”

ராமப்பன் பழையது எங்கே என்றார். காயலான் கடையில் போட்டதாகச் சொன்னான். இந்நேரம் உருக்கியிருப்பார்கள் என்றும் சொன்னான்.

அவர் முன்னறைக்குப் போனார். என்னவோ என்று பின்னாலேயே போனவனின் கழுத்தில் முதல் அடி விழுந்தது. அடுத்தது வாயில். உதடு பிளந்து பல்லெல்லாம் சிவப்பு. மூன்றாவது அடிக்கு முனிராஜ் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். பெல்ட்டோடு வந்த ராமப்பன் நிலைப்படியில் மோதி விழுந்தார். விழுந்தவரை அவன் அடித்தான். முதுகில், மறைத்த கைகளில், நெற்றியில். இத்தனை வருஷம் வாங்கியதையெல்லாம் அந்த ஒரு மூச்சில் திருப்பிக் கொடுத்தான்.

கெம்பம்மா குறுக்கே விழுந்தாள். ஒன்று அவள் முழங்கையிலும் இறங்கியது.

“உங்க தாத்தன் வெரலு போன கதவுடா அது. அவரு இழுத்து வளைச்ச கைப்பிடிடா.”

அப்போதுதான் நின்றான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மரத்தடி, முதலாளி, விரல், கல். ராமப்பன் தரையில் உட்கார்ந்தபடி புருவத்திலிருந்து சொட்டியதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார். மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

முனிராஜ் சட்டை நுனியால் பெல்ட்டைத் துடைத்தான். மடிப்பில் இருந்த ரத்தத்தையும் விரல்விட்டு எடுத்தான். பிறகு எட்டி, ஆணியில் மாட்டினான். அது ஆடியது. நேராக்கி நிறுத்தினான்.

“எறியறன்னு சொன்னியே, எதுக்கு சாமி திருப்பி அங்கயே மாட்டற?” என்றாள் கெம்பம்மா.

வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டு அவன் அவளைத் தாண்டி வெளியே போனான்.