எலிக்கு வலை இழுத்த சிமியோன்

எலி பிடிக்கப் பொறி வைப்பார்கள், நஞ்சு வைப்பார்கள். மீன் வலை இழுத்து எலி பிடித்த மனிதர் எனக்குத் தெரிய மயிலிட்டிச் சிமியோன் ஒருவர்தான். நான் கண்ணால் கண்டவள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கென்ன!

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்க, மயிலிட்டிச் சனம் கடலை விட்டு ஓடி வந்தது. சிமியோனும் அவருடைய மனுசி மார்கிரட்டும் அளவெட்டியில் எங்கள் தோட்டத்துக் கொட்டிலில் வந்து இருந்தார்கள். மற்றவர்கள் பாய், சட்டி, பானை கொண்டு வந்தார்கள். இந்த மனிதர் சைக்கிளில் வலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கடலில்லாத ஊரில் வலை எதற்கு என்று கேட்டால், "கிடக்கட்டும் அக்கா" என்பார்.

அடுத்த வருடம் எங்கள் மரவள்ளியில் எலி விழுந்தது. சும்மா எலியா! கிழங்கை மண்ணுக்குள்ளேயே தின்றுவிட்டுத் தடியை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தது. கடைகளில் எலி நஞ்சு இல்லை. மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத காலம். எங்கள் வீட்டுக்காரர் ஆழ்வாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "உவையின்ரை கருவாட்டு மணத்துக்குத்தான் எலி வருது. வாற கிழமை கொட்டிலை விடச் சொல்லு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவாட்டைக் கண்டே மாதக்கணக்கு! அந்தச் சனம் எங்கே போகும்?

சிமியோனின் காதில் அது விழுந்துவிட்டது. "போகச் சொன்னால் போறம் அண்ணை. அதுக்கு முதல் ஒருக்கால் வலை போட்டுப் பாக்கிறன்" என்றார்.

மறுநாள் காலை மரவள்ளித் தறையின் ஒரு பக்கம் வலையை வளைத்துக் கட்டிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். எங்கள் வீட்டுக்காரரோ பிள்ளையார் கோயில் பக்கம் திரும்பி, "உம்மடை வாகனம்தான், குறை நினையாதையும்" என்று கும்பிட்டார். எலி வளைகளுக்குள் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டுத் தகரம் தட்டினோம். ஐயோ, வந்த எலி! ஒன்று என் சீலையில் ஏறப் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் மிச்ச எலியும் வெளியே வந்துவிட்டது. "இழுங்கோ! ஏலேலோ! விட்டிடாதையுங்கோ!" என்று சிமியோன் கத்த, சேற்றில் விழுந்து எழும்பி எல்லோரும் வலை இழுத்தோம்.

அகப்பட்டதையெல்லாம் அடித்துப் போட்டபின்தான் பெரிய கூத்து. சிமியோன் குந்தியிருந்து எலிகளைக் குவியல் குவியலாகப் பிரிக்கத் தொடங்கினார். "இது வலைப் பங்கு. இது ஆள் பங்கு. இது மாதாவுக்கு..."

மார்கிரட் பாய்ந்து வந்து அவர் கையில் அடித்தாள். "மாதாவுக்கு எலியே! உங்களுக்கென்ன விசரே?"

எங்கள் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்து சிரித்தார். "அப்ப தோட்டக்காரனுக்குப் பங்கில்லையோ?"

சிமியோன் சிரிக்கவில்லை. "மீன் பங்கு பிரிச்சுக் கனகாலம் அண்ணை. கை தன்ரை பாட்டிலை பிரிக்குது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் எழும்பிப் போய், எலி தொடாத மரவள்ளி ஒன்றைப் பிடுங்கி வந்து சிமியோன் முன்னால் போட்டார். "இதைப் பிரியும். பாதி உமக்கு, பாதி எங்களுக்கு. கொட்டிலை விடுற கதை இனி வேண்டாம்."

சிமியோன் பெரிய கிழங்கை எங்கள் பக்கம் வைத்தார். இவர் அதைத் தூக்கி அவர்கள் பக்கம் வைத்தார். அவர் திரும்ப எங்கள் பக்கம் வைத்தார். இரண்டு பேரும் விடுகிற மாதிரி இல்லை.

"அடுப்பு எரியுது, ஆரெண்டாலும் ஒரு கிழங்கைத் தாங்கோவன்!" என்று கத்தினேன்.