ஜாடிக்குள் போன மணல்

தீவின் கரையோரமிருக்கும் அந்த விடுமுறை வீட்டைப் பதினைந்து வருடமாகப் பெருக்குகிறாள் அவள். விருந்தாளிகளின் காலோடு வரும் மணலோடு அவளுக்கு ஓயாத மல்லுக்கட்டு.

வீட்டுக்காரம்மா சுவருக்கு நீலம் அடித்து, வெள்ளைத் திரை மாட்டிய மறுநாள், அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மணல் இருந்தது. பெருக்க வந்தவள், யாரோ பிள்ளைகளின் சேட்டை என்று அதை வாசலில் கொட்டி, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அக்கா, அது அழகுக்கு வச்சதாச்சே" என்றாள் வீட்டுக்காரம்மா.

அவள் கட்டிலடியைப் பெருக்கி, முறத்தோடு வந்தாள். "இது போதுமாம்மா? இன்னும் ரெண்டு ரூம் பாக்கி இருக்கு."

ஜாடியை நிரப்பும்போதுதான், இத்தனை வருடம் வாரிக் கொட்டியதை முதன்முறையாக உற்றுப் பார்த்தாள். இளஞ்சிவப்பாகச் சிப்பித் தூள் மின்னியது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.