ஹப்சிகுடாவிலிருந்து அரைக் கிலோ வெங்காயம்

என் கணவருக்கு ஸ்பெயினில் வேலை என்று முடிவான அன்றே, செல்பேசியில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். அவர் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். முதலில் அவர் போவது, மகளுக்கு அந்த வருஷப் பள்ளி முடிந்ததும் நானும் அவளும் பின்னால் போய்ச் சேர்வது என்று ஏற்பாடு. அலுவலகத்தில் அவருக்கு ஆங்கிலம் போதும். கடை கண்ணிக்குப் போகப்போவது நான்தான். அதனால் வணக்கம், நன்றியைத் தாண்டியதும் நேராகக் கடைப் பாடங்களுக்குப் போய்விட்டேன்.

ரொட்டிக்கடை பனதெரியா. பழக்கடை ஃப்ருத்தெரியா. மீன்கடை பெஸ்கதெரியா. ஆணியும் பூட்டும் பல்பும் விற்கும் கடை ஃபெர்ரெத்தெரியா. எல்லாமே ‘ரியா’வில் முடிந்ததால் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த மாதிரி இருந்தது. ஹப்சிகுடாவில் எங்கள் தெருமுனைக் காய்கறி வண்டியில் நின்றுகொண்டு தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் வாய்க்குள் ஸ்பானிஷில் பேர் சொல்லிப் பார்ப்பேன். வண்டிக்காரம்மா நிமிர்ந்து, “ஏமண்டுன்னாவ் அம்மா?” என்று, நான் என்ன சொல்கிறேன் எனத் தெலுங்கில் கேட்பாள். பக்கத்தில் நிற்கும் என் மகளுக்கு மானம் போகும். “மம்மி, ரோட் மீத வத்து, ப்ளீஸ்” என்று, நடுரோட்டில் வேண்டாமென என் கையைப் பிடித்து இழுப்பாள்.

அவர் போனார். போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு அந்த மொழி ஒட்டவே இல்லை என்று. கையால் சுட்டிக்காட்ட முடிந்ததை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார்.

“ஏம்மா, தயிர்னு நெனச்சு ஒரு டப்பா வாங்கினேன். சோத்துல போட்டுப் பிசைஞ்சா என்னமோ மாதிரி இருக்கு.”

“டப்பாவுல என்ன எழுதியிருக்கு?”

எழுத்துக் கூட்டிப் படித்தார். “நா... த்தா.”

“ஐயோ, அது பாலேடுங்க. தயிருக்கு ‘யோகுர்’னு கேக்கணும்.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, “நீ இங்க இருந்திருக்கணும்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை, இங்கே மதியச் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடி அழைப்பு. அங்கே அப்போது காலை. “கடையில நிக்கிறேன். இவங்க என்ன கேக்குறாங்கன்னே புரியல. நீயே சொல்லிடு” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஸ்பீக்கரைப் போட்டு யாரிடமோ நீட்டிவிட்டார்.

ஈரக் கையோடு நின்றேன். கொஞ்சம் கரகரத்த ஒரு பெண் குரல், “திகமே” என்றது. சொல்லுங்க என்று அர்த்தம். செயலிக்கு வெளியே, ஒரு உயிருள்ள மனுஷி என்னிடம் சொன்ன முதல் ஸ்பானிஷ் வார்த்தை அது. ஒரு கிலோ தக்காளி, அரைக் கிலோ வெங்காயம், நாலு உருளைக்கிழங்கு என்று, பாடத்தில் வந்தபடியே தயவுசெய்து என்பதற்கான ‘போர் ஃபவோர்’ சேர்த்துக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. நான் உருளைக்கிழங்குக்குச் சொன்ன ‘பாப்பா’ கடல் தாண்டி மெக்சிகோ பக்கம் வழங்கும் வார்த்தையாம். ஸ்பெயினில் ‘பத்தாத்தா’ என்று கடைக்காரம்மா திருத்தினார். வெங்காயமும் ‘செபோயா’ இல்லை, ‘தெபோயா’. பிறகு, யார் பேசுவது என்று கேட்டார். அவருடைய மனைவி, இந்தியாவிலிருந்து பேசுகிறேன் என்றேன். அந்த அம்மா அதைக் கடை முழுக்கச் சத்தமாக அறிவித்தார். வரிசையில் நின்றவர்கள் எனக்கு ‘ஓலா’ என்று வணக்கம் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் அந்தக் கடையில் காய்கறி வாங்கினேன். வீடியோவில் பேசலாமென்றால் கடைக்குள் படம் உறைந்து நின்றுவிடும். குரல்தான் ஒழுங்காக வந்தது. அந்த அம்மா என்னை ‘ரெய்னா’ என்று கூப்பிடத் தொடங்கினார். ராணி என்று பொருள். அங்கே கடைக்காரர்கள் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இருந்தாலும் என்னை வேறு யார் ராணி என்கிறார்கள்? இன்றைக்குப் பசலைக்கீரை நன்றாக வந்திருக்கிறது, முலாம்பழத்துக்கு இன்னும் ஒரு வாரம் பொறு என்று என்னிடம்தான் சொல்வார். பையில் கடைசியாக ஒரு கொத்துத் தழையைக் காசில்லாமல் சொருகிவிடுவாராம். நம்மூரில் கொத்தமல்லி தருகிற மாதிரி. அதைக் கேட்ட அன்று எனக்கு அந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது.

“கதவு எந்தப் பக்கங்க? பழமெல்லாம் வாசல்லயே அடுக்கியிருப்பாங்களா?” என்று என் கணவரைக் கேட்பேன்.

“அதையெல்லாம் யாரு பாத்தா” என்பார்.

கூடையோடு அந்தக் கதவைத் தள்ளித் திறந்து, யாருடைய உதவியும் இல்லாமல் எனக்கு வேண்டியதை நானே கேட்பதாக எத்தனையோ மதியங்களில் நினைத்துக்கொண்டேன். கடைசியில் அந்த அம்மா எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போது வருகிறாய்? நான் “ப்ரோந்தோ” என்பேன். சீக்கிரம்.

விசாக் காகிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இதில் முத்திரை இல்லை, அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டு, திரும்பத் திறந்தும் விட்டது. ஒரு நாள் அவர் அழைத்து, “ப்ராஜெக்ட்ட மூடிட்டாங்க. திரும்பி வரச் சொல்லிட்டாங்கம்மா” என்றார்.

“நல்லதுங்க, வாங்க” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் இல்லாத வீடு எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது. ஆனால் பேசி முடித்ததும் சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன்.

கடைசிச் சனிக்கிழமை. செய்தியை நானே அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. கடைகளுக்கான வார்த்தைகள்தான் என்னிடம் நிறைய இருந்தன, இதற்கு இல்லை. “நான் வரவில்லை. அவர் வருகிறார்” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் பொறு என்று என் கணவரின் போனை வாங்கிக்கொண்டார். கதவு திறக்கும் சத்தம், பின்பு வண்டிகளின் இரைச்சல். தெருவில் நடந்துகொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். இதோ பனதெரியா, ரொட்டி இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருக்கிறது. இது மருந்துக்கடை. இது ஃபெர்ரெத்தெரியா, இந்த ஆள் ஒரு கஞ்சன். இது முடிதிருத்துமிடம், உள்ளே என் தங்கை இருக்கிறாள், அவளுக்கு ஓலா சொல்லு. சொன்னேன். மூலையில் மீன்கடை, தரையெல்லாம் தண்ணீர், பார்த்து வா என்றார். ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குப் புரிந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிய, அந்த ஈரத்தரையில் நானும் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்தேன்.

அந்த நேரம் முழுக்க என் கணவர் கடைக்குள் வாடிக்கையாளர்களின் நடுவே தனியாக மாட்டிக்கொண்டு விழித்தாராம். ஊர் வந்து சேர்ந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். மகள் அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. வீடு மறுபடி வீடாயிற்று. ஆனால் சனிக்கிழமை மதியங்களில், அவர் ஹாலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, எனக்கு யாரோ ஊருக்குப் போய்விட்டது போலிருக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

போன மாதம் காபி குடித்துக்கொண்டிருந்தவர் தானாகவே, “அந்த அம்மா எப்படி இருப்பாங்கன்னு நீ கேக்கவே இல்லியே. குட்டையா, கண்ணாடிய சங்கிலியில மாட்டிக்கிட்டு...” என்று ஆரம்பித்தார்.

“சொல்லாதீங்க” என்றேன்.

“ஏன்?”

“என் மனசுல அவங்க நல்ல ஒசரம். நான் போயி பாத்துக்கிறேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரி, போவோம்” என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.