மாமா நின்ற பக்கம்

கண்மாய் வற்றிவிட்டால் அதுதான் எங்கள் ஊருக்குப் பந்து மைதானம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கிழக்குக் கரையில் நிற்பார்கள். மேற்கே கருவேல முள்ளும், நாலைந்து ஆடுகளும், நானும். அங்கேதான் என் தாய்மாமா பேக் நின்றார். கோல் விழாமல் தடுக்கிற இடம் அது. பாதி ஆட்டத்தில் அணிகள் இடம் மாறினாலும் முள்ளுப் பக்கத்தை வேறு யாரும் கேட்க மாட்டார்கள், அவருக்கே விட்டுவிடுவார்கள்.

மாமா பந்தைப் பிடுங்க மாட்டார். ஆளைத் தட்டிவிட மாட்டார். பந்தோடு வருகிறவனை ஒட்டினாற்போல ஓடுவார், அவ்வளவுதான். அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, கடைசியில் பந்தோடு முள்ளுக்குள் போய் நிற்பான். கால் கிழிந்தவன் அப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை. ஆட்டமெல்லாம் கிழக்கேயே நடக்கும். மாமா பக்கம் ஒன்றுமே நடக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

பங்குனிப் பொங்கலுக்குப் பந்தல்குடிக்காரர்களோடு கடைசி ஆட்டம். மாமா லாரி வேலைக்கு வடக்கே போக வேண்டியவர். இந்த ஆட்டத்துக்காகவே பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார். அணித் தலைவரான என் சித்தப்பாவோ, கோல் அடிக்கத் தெரிந்த ஒருவரை அருப்புக்கோட்டையிலிருந்து கூட்டிவந்திருந்தார். காலில் பூட்ஸெல்லாம் இருந்தது.

“மாப்ள, ஓம் பக்கம் பந்தும் வரல, ஆளும் வரல. ஆடுதான் மேயுது. இன்னைக்கு ஒக்காந்துக்க” என்றார் சித்தப்பா.

“சரி மச்சான். முள்ளுப் பக்கம் யாரையாவது நிப்பாட்டிக்கங்க.”

“அதான் ஆடு நிக்கிதுல்ல, பாத்துக்கிரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூட்ஸ்காரர் ஒரு கோல் அடித்தார். பந்தல்குடிக்காரர்கள் மூன்று அடித்தார்கள். மூன்றும் மேற்குப் பக்கமாக வந்தவை. மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஓடிவரும்போதெல்லாம் அவருடைய வெறுங்கால்கள் மண்ணில் நகர்ந்தன.

ஆட்டம் முடிந்ததும், அந்த மூன்று கோலுக்கும் பந்தைக் கொண்டுவந்த ஒல்லி ஆள் தேடிவந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்க எறங்கலன்னு தெரிஞ்சப்பறந்தான் எங்களுக்கு உசுரே வந்துச்சு.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேலி பண்ண வந்துவிட்டானே!

“வா மாமா, போவோம்” என்று இழுத்தேன். வந்துவிட்டார். கரை ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் வடக்கே போனவர் பிறகு பந்தைத் தொடவில்லை. இப்போது டீக்கடையில் யாராவது செல்போனில் ஆட்டம் பார்த்தால், என் கண் பந்து வராத பக்கத்துக்கே போகிறது. மாமாவின் ஆட்டத்தைப் பற்றி அவரிடம் பேச வந்தது அந்த ஒரு ஆள்தான்.

கேலியிலிருந்து மாமாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.